ஸ்மோக் ரூம் கதவு: ஸ்மெதிக்கின் தேசி பப்கள் எப்படி வந்தன?

பர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக்கில் நான் அடிக்கடி போகும் பப்புக்கு இரண்டு வாசல். தெருவைப் பார்த்த வாசலில் நுழைந்தால் 'பார்'. பக்கவாட்டு வாசலில் நுழைந்தால் இன்னொரு அறை. அந்தக் கதவின் மங்கல் கண்ணாடியில் 'ஸ்மோக் ரூம்' என்று பொறித்த எழுத்து இன்னும் அழியவில்லை. 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் எந்தப் பப்புக்குள்ளும் புகைக்க அனுமதி கிடையாது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது. உள்ளே ஒரு மூலையில் பஞ்சாபித் தாத்தாக்கள் சீட்டாடுகிறார்கள். அடுத்த மேசையில் வெஸ்ட் ப்ராம்விச் கால்பந்து அணியின் சட்டை போட்ட வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நான் ரொட்டியைப் பிய்த்து ஆட்டுக்கறியோடு சேர்த்துச் சாப்பிடுகிறது. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அறுபது வருடத்துக்கு முன் இதே ஊரில் இப்படிப்பட்ட கதவுகள் பலவற்றை ஓர் இந்தியர் தள்ளித் திறந்தால் உள்ளே பேச்சு நின்றுவிடும். பப்பை நடத்தும் லேண்ட்லார்ட் வந்து, "உங்களுக்கு இங்கே கிடையாது, அந்தப் பக்கம் போங்கள்" என்பார். சில பப்களில் அந்தப் பக்கமும் கிடையாது.

இந்திய வம்சாவளியினர், பெரும்பாலும் பஞ்சாபிகள், நடத்தி இந்தியச் சாப்பாடும் கொடுக்கும் பப்புக்குத்தான் தேசி பப் என்று பெயர். இந்த இரண்டு காட்சிக்கும் நடுவே என்ன நடந்தது என்பது தெரியாமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது. பலர் இதை ஒரு சாப்பாட்டுக் கதையாக மட்டும் சொல்கிறார்கள். சாப்பாடு உண்மையிலேயே அருமை, அதற்கும் வருவோம். ஆனால் கதை தொடங்குவது சமையலறையில் அல்ல, கதவில்.

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். பொதுமக்களுக்குத் திறந்த வீடு என்று பொருள். பெயர் அப்படி இருந்தாலும் அந்த வீட்டுக்குள் எப்போதும் தடுப்புகள் இருந்திருக்கின்றன. பாரில் மரத்தரை, வெறும் பெஞ்சு. வேலைச் சட்டையோடு வருகிறவர்களுக்கான இடம். ஸ்மோக் ரூமிலோ லவுஞ்சிலோ கம்பளம், மெத்தை தைத்த இருக்கை. அங்கே அதே பீர் ஒரு பைண்ட்டுக்கு ஒன்றிரண்டு பென்னி கூடுதலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நல்ல உடுப்புப் போட்டு மனைவியோடு வருகிறவர்கள் அங்கே உட்கார்வார்கள். ஆங்கிலேயர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட வர்க்கக் கோடு அது. வெளிநாட்டிலிருந்து கறுப்பரும் இந்தியரும் வந்தபோது அந்தக் கோட்டை நிறக் கோடாக மாற்றுவதில் சிரமமே இருக்கவில்லை. சுவர் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தது.

அவர்கள் ஏன் வந்தார்கள்? ஃபவுண்டரிக்கு ஆள் தேவைப்பட்டது. கோவைக்காரர்களுக்கு ஃபவுண்டரி என்றால் விளக்க வேண்டியதில்லை. உருக்கிய இரும்பின் முன்னால் எட்டு, பத்து மணி நேரம் நிற்கும் வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பர்மிங்ஹாமிலும் அதன் மேற்கே 'ப்ளாக் கன்ட்ரி' என்று அழைக்கப்படும் பகுதியிலும் அந்த வேலைக்கு உள்ளூர் ஆட்கள் போதவில்லை. ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சாபிகள் வந்தார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போது உடம்பில் நீரே இருக்காது. இந்தப் பகுதியின் பழைய பீரான 'மைல்ட்' அப்படிப்பட்ட உடம்புக்காகவே இருந்தது போலத் தோன்றும்: கறுப்பு நிறம், லேசான இனிப்பு, ஆல்கஹால் மூன்று, மூன்றரை சதவீதம். வெள்ளைக்காரத் தொழிலாளி ஃபவுண்டரி வாசலிலிருந்து நேராகப் பப்புக்குப் போய்க் குடித்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று அதே வார்ப்பை ஊற்றிய பஞ்சாபியும் அங்கேதான் போக நினைத்தார்.

எல்லாப் பப்பிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. சில இடங்களில் அடியோடு அனுமதி இல்லை. சில இடங்களில் பாரில் குடிக்கலாம், ஸ்மோக் ரூமுக்குள் மட்டும் வரக்கூடாது. இதற்கு 'கலர் பார்' என்று பெயர். இங்கே பார் என்றால் மதுக்கடை அல்ல, தடை.

நமக்கு இது தெரிந்த கதைதான். தமிழ்நாட்டு டீக்கடைகளின் இரட்டைக் குவளையை நினைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் 1960-களின் பிற்பகுதியில் சங்கானை, சாவகச்சேரிப் பக்கம் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களை நினைத்துக்கொள்ளலாம். சாதியும் நிறமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்த விதம் ஒன்றுதான். காசு வாங்கிக்கொள்வார்கள், உட்கார இடம் தர மாட்டார்கள். ஸ்மெதிக்கில் கேட்டதும் சாவகச்சேரியில் கேட்டதும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் என்பது எனக்கு முதலில் தெரிய வந்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்மெதிக்கில் கேட்டவர்கள் இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர். 1938-இல் கவன்ட்ரியில் தொடங்கிய அமைப்பு அது. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் அவ்தார் சிங் ஜவுஹல். 1958-இல் இங்கிலாந்து வந்து ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர், 2022-இல் மறைந்தார். அவர்கள் கையாண்ட முறை எளிமையானது, அதே சமயம் கெட்டிக்காரத்தனமானது. தங்களோடு சேர்ந்த வெள்ளைக்கார மாணவர்களை முதலில் உள்ளே அனுப்புவார்கள். அவர்களுக்கு பீர் கிடைக்கும். சில நிமிடம் கழித்து இந்தியர்கள் போய் அதையே கேட்பார்கள். கிடைக்காது. ஆக, மறுத்ததற்கு அங்கேயே சாட்சி உண்டு. இங்கிலாந்தில் பப் நடத்த உரிமம் வேண்டும். அப்போது உரிமத்தைப் புதுப்பிக்க மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. அந்த இடத்தில் போய் இந்தச் சாட்சிகளை வைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கல்லெறியவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. ஒரு கிளாஸ் பீர் கேட்டார்கள், யார் மறுத்தார் என்று எழுதி வைத்தார்கள்.

ஊரின் நிலைமை அப்போது மோசமாக இருந்தது. 1964 பொதுத் தேர்தலில் நாடு முழுக்கத் தொழிற்கட்சி வென்றது. ஆனால் ஸ்மெதிக்கில் அந்தக் கட்சியின் முக்கியத் தலைவர் பேட்ரிக் கார்டன் வாக்கர் தோற்றார். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பீட்டர் கிரிஃபித்ஸ் குடியேறியவர்களுக்கு எதிரான வெறுப்பின் மேல் ஏறி வென்றார். அந்தத் தேர்தலில் புழங்கிய கோஷத்தை இங்கே எழுத எனக்கு மனமில்லை. மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று ஒரு திட்டமும் இருந்தது. லண்டன் அரசு அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த மார்ஷல் தெருவுக்கு 1965 பிப்ரவரி 12 அன்று ஒருவர் வந்தார். அமெரிக்கக் கறுப்பர் உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ். சங்கத்தாரின் அழைப்பில் வந்த அவர் அந்தத் தெருவில் நடந்தார். பிறகு ஹை ஸ்ட்ரீட்டிலிருந்த 'ப்ளூ கேட்ஸ்' என்ற பப்புக்கு ஜவுஹல் அவரைக் கூட்டிப் போனார். ஸ்மோக் ரூமில் அவர்களுக்கு எதுவும் கொடுக்க மறுத்து, பாருக்குப் போகச் சொன்னார்கள். மால்கம் எக்ஸ் மது குடிக்காத முஸ்லிம். அவருக்கு அங்கே பீர் தேவையில்லை. அந்தக் கதவு எப்படி வேலை செய்கிறது என்று நேரில் பார்க்கவே போனார். ஒன்பது நாள் கழித்து, பிப்ரவரி 21 அன்று, நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ஷல் தெருவில் அவர் வந்துபோனதற்கு ஒரு நீல வட்டப் பலகை 2012-இல் வைத்தார்கள். மிகச் சாதாரணமான தெரு. போனால் ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனாலும் போய்ப் பாருங்கள்.

அவர் வந்துபோன 1965-ஆம் ஆண்டின் இறுதியில் இனத் தொடர்புச் சட்டம் வந்தது. ஹோட்டல், உணவகம், பப், தியேட்டர், பேருந்து போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவது சட்டவிரோதம் ஆயிற்று. சட்டம் மென்மையானது, ஒதுக்கியவர் ஜெயிலுக்குப் போக மாட்டார், சமரசப் பேச்சுக்குத்தான் அழைப்பார்கள். இருந்தாலும் லேண்ட்லார்டுகள் அதுவரை "இது என் பப், என் இஷ்டம்" என்று சொல்லி வந்த பேச்சு அன்றோடு செல்லாமல் போனது.

ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. சட்டம் பொது இடத்துக்குத்தான். உறுப்பினர் மட்டும் நுழையும் கிளப்புக்கு இல்லை. இந்த ஓட்டை வழியாக வந்த வழக்கு தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் அது ஈஸ்ட் ஹாமில் நடந்தது. இன்று லண்டனில் இடியாப்பமும் கொத்து ரொட்டியும் வாங்க எங்கே போவது என்று கேட்டால் நாம் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று அது. அங்கே இருந்த ஈஸ்ட் ஹாம் சவுத் கன்சர்வேட்டிவ் கிளப், அதே கட்சியைச் சேர்ந்த ஓர் இந்தியரை நிறம் காரணமாக உறுப்பினராக்க மறுத்தது. வழக்கு, அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. 1973-இல் கிளப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது: கிளப் என்பது பொதுமக்கள் அல்ல, அதனால் சட்டம் பொருந்தாது. 1976-இல் புதிய சட்டம் வந்து இருபத்தைந்தோ அதற்கு மேலோ உறுப்பினர் உள்ள கிளப்புகளையும் உள்ளே கொண்டுவந்த பிறகே அந்த ஓட்டை அடைபட்டது. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் இப்போது நாம் தோசை சாப்பிடும் தெருக்களுக்கு இவ்வளவு சமீபத்திய வரலாறு இருக்கிறது.

சரி, நுழைய உரிமை கிடைத்தது. பப்பே எப்படிக் கைக்கு வந்தது?

இங்கே பொருளாதாரம் பேச வேண்டும். 1970-களின் கடைசியிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஃபவுண்டரிகள் வரிசையாக மூடின. வேலை போன பஞ்சாபிகள் சிலரிடம் ஆட்குறைப்புப் பணம் கொஞ்சம் இருந்தது. அதே தொழிற்சாலைகளை நம்பியிருந்த பப்களிலும் கூட்டம் குறைந்தது. வெள்ளைக்காரக் குடும்பங்கள் பல புறநகருக்குப் போய்விட்டன. ஈயாடும் பப்பை எடுத்து நடத்த யாராவது வந்தால் போதும் என்ற நிலைக்கு அவற்றின் சொந்தக்காரர்களான ப்ரூவரிகள், அதாவது பீர் தயாரிக்கும் நிறுவனங்கள், வந்தன. எடுத்தவர்களில் பஞ்சாபிகளும் இருந்தார்கள்; முன்பு கதவில் நிறுத்தப்பட்டவர்கள் சாவியை வாங்கினார்கள்.

ஆனால் அந்தச் சாவியோடு ஒரு கயிறும் வரும். அதற்கு 'டை' என்று பெயர். பப்பை வாடகைக்கு எடுத்தவர், கட்டடத்தின் சொந்தக்காரரான ப்ரூவரியிடமே பீர் வாங்க வேண்டும், அதுவும் வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலையில். வாடகை ஒரு பக்கம், பீர் விலை இன்னொரு பக்கம். 1989-இல் அரசு தலையிட்டது. 2,000 பப்புக்கு மேல் வைத்திருந்த ப்ரூவரிகள், அதற்கு மேற்பட்டவற்றில் பாதியைக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. ப்ரூவரிகள் கூட்டம் கூட்டமாகப் பப்களை விற்றன. ஆனால் வாங்கியவை பெரும்பாலும் பப் நிறுவனங்கள். அவையும் அதே கயிற்றைக் கட்டின. முழுச் சொந்தமாகக் கட்டடத்தை வாங்க முடிந்த குடும்பங்கள் தப்பித்தன.

பீரில் லாபம் மிஞ்சாதபோது எங்கே மிஞ்சும்? சாப்பாட்டில். சாப்பாட்டுக்கு அந்தக் கட்டு கிடையாது. தேசி பப்பின் மிக்ஸ்ட் கிரில் வெறும் ஊர் நினைவால் மட்டும் வந்ததல்ல என்று நான் சொல்வது இதனால்தான். லேண்ட்லார்டின் குடும்பம் மாடியிலேயே குடியிருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் சமைத்ததுதான் பல இடங்களில் முதல் மெனு. அவர்களின் பெயர் பப் வாசல் பலகையில் இருக்காது. ஆனால் இன்று வார இறுதியில் பல மைல் தூரத்திலிருந்து கார் ஓட்டி வருகிறவர்கள் அந்தக் கைப்பக்குவத்தைத் தேடித்தான் வருகிறார்கள்.

மிக்ஸ்ட் கிரில் வருவதைக் கண்ணுக்கு முன்பே காது கண்டுபிடித்துவிடும். சமையலறைக் கதவு திறந்ததுமே சீறல் சத்தம். மரப்பலகை மேல் வைத்த இரும்புத் தட்டு. அடியில் அரை வட்டமாக நறுக்கிய வெங்காயம், தட்டின் சூட்டில் ஓரம் கறுத்து, நடுவில் இன்னும் மொறுமொறுப்பாக. மேலே தந்தூரி கோழித் துண்டுகள், கோழி இறக்கை, சீக் கபாப், ஆட்டு விலா எலும்புக் கறி. கொண்டு வருகிறவர் மேசையில் வைத்து எலுமிச்சையைப் பிழிந்ததும் ஆவி குபுக்கென்று எழும்; கண்ணாடி போட்டவர்களுக்கு அரை நிமிடம் எதுவும் தெரியாது. விலா எலும்பைக் கையால்தான் பிடிக்க வேண்டும். எலும்பு ஓரத்துக் கொழுப்பு கரியோடு சேர்ந்து உதட்டில் ஒட்டும். தனியாக மீன் பக்கோடா சொல்லுங்கள். கடலை மாவில் ஓமம் தெரியும்.

முதல்முறை போகிறவருக்குச் சில நடைமுறை. ட்ரிங்க்ஸுக்கு மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். கவுன்டருக்குப் போக வேண்டும். அங்கே வரிசை நிற்பதாகவே தெரியாது, ஆனால் வரிசை உண்டு. கவுன்டருக்குப் பின்னால் நிற்பவருக்கு யார் முன்னால் வந்தது என்று தெரியும். அவர் உங்களைப் பார்க்கும்போது முன்னால் வந்தவர் நிற்கிறார் என்றால், "அவர் முதலில்" என்று கைகாட்டுங்கள். காசை ஆட்டிக் கூப்பிடுவது தப்பு. வாங்கும்போதே பணம். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. வேண்டுமானால் பாதி கேட்கலாம். குடிப்பழக்கம் இல்லாதவர் லைம் சோடா கேட்டால் யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை, என் அனுபவத்தில் ஒருமுறைகூட இல்லை. கூட்டமாகப் போனால் 'ரவுண்ட்' உண்டு: ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த தடவை அடுத்தவர். தன் முறை வரும்போது நழுவுகிறவர் என்று பெயர் வாங்கிவிட்டால் அந்தப் பெயர் போகவே போகாது. முதல் உலகப் போரின்போது 1915-இல் ஆயுத உற்பத்தியைக் கெடுக்கிறது என்று இந்த ரவுண்ட் வழக்கத்தையே அரசு தடை செய்தது. ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுப்பது குற்றமாக இருந்த காலம்! பஞ்சாபிகள் கையில் ரவுண்ட் இன்னும் தீவிரமாகிவிட்டது. "இந்தத் தடவை என் கணக்கு" என்று கவுன்டரில் நடக்கும் தள்ளுமுள்ளு நம் ஓட்டல் கல்லாவில் நடப்பதேதான்.

ஒன்றை மறைக்கக்கூடாது. குடி இந்தக் குடும்பங்களுக்குள் காயமும் உண்டாக்கியிருக்கிறது. வெகு காலம் பப் ஆண்களின் இடமாகவே இருந்தது. வாரக் கூலி கவுன்டரில் கரைய, வீட்டில் காத்திருந்த பெண்களின் கதை இந்த வரலாற்றில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. டாஸ்மாக் வாசலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். சாப்பாடு வந்தது வியாபாரத்தை மட்டும் மாற்றவில்லை. மனைவியும் பிள்ளைகளும் பாட்டியும் வந்து உட்காரும் இடமாக அந்த அறையை மாற்றியது. என்னைக் கேட்டால் தேசி பப் செய்த பெரிய காரியம் அதுதான்.

வெஸ்ட் ப்ராம்விச்சில் ஹாதார்ன்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் 'தி வைன்' இருக்கிறது. கால்பந்து நாளில் இரண்டு அணி ரசிகர்களும் கபாப் தட்டோடு நிற்பார்கள். அதே ஊரின் 'ரெட் லயன்' பப்பில், குடியேறி வந்தவர்களின் கதையை வண்ணக் கண்ணாடி ஜன்னலாகச் செய்து வைத்திருக்கிறார்கள், தேவாலய ஜன்னல் போல. லண்டன் சவுத்ஹாலில் 'கிளாஸி ஜங்ஷன்' என்று ஒன்று இருந்தது. இந்திய ரூபாயை வாங்கிக்கொண்டு பீர் கொடுத்த முதல் பிரிட்டிஷ் பப். 2012-இல் மூடியது. அந்தக் கட்டடத்துக்குப் பிறகு வந்தது ஒரு தென்னிந்திய உணவகம். இஸ்லிங்டனில் 2022-இல் 'தி தமிழ் பிரின்ஸ்' திறந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன சமையல்காரர் ஒருவர் கூட்டாகத் தொடங்கிய பப் அது. மறு ஆண்டே 'தி தமிழ் க்ரவுன்' வந்தது. நல்ல சாப்பாடு, தமிழ் என்ற சொல்லைப் பப் பலகையில் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே போக பெரும்பாலும் முன்பே இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேட்டைக்காரர் செருப்போடு நடந்து வந்து தன் வழக்கமான நாற்காலியில் உட்காரும் இடம் வேறு.

அந்த நாற்காலிகள் குறைந்துகொண்டே வருகின்றன. சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு, மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏற்றம், இளைஞர்கள் குடிப்பது குறைவு. நாடு முழுக்கப் பப்கள் மூடுகின்றன. மேற்கு மிட்லேண்ட்ஸில் இன்னும் விளக்கு எரியும் பழைய பப்கள் பலவற்றுக்குள் தந்தூரி அடுப்பும் எரிகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு கதவுள்ள அந்தப் பப்பில், சீட்டாடும் தாத்தா ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஃபவுண்டரியில் இருபது வருடம் இருந்தவர். பேச்சுவாக்கில், "அப்போது நீங்கள் எந்த அறையில் உட்கார்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் பார் பக்கம் தலையை ஆட்டினார். "அங்கே, நின்றுகொண்டு" என்றார். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கடைசியாக வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் லாஸ்ட் ஆர்டர்ஸ் மணி அடித்தது. அவர் எழுந்து பாருக்குப் போய், இரண்டு கையிலும் இரண்டிரண்டாக நான்கு கிளாஸ் கோக் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். பேரப்பிள்ளைகளுக்கு. கை காலியாக இல்லாததால் ஸ்மோக் ரூம் கதவை முதுகால் தள்ளித் திறந்தார்.